முயலுக்குப் பல் வெட்டும் நாள்

நாலு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை முனிலட்சுமி முயலைப் பிளாஸ்டிக் கூடையில் உட்காரவைத்து, மேலே பழைய துண்டைப் போட்டுக் கட்டி, பேரிகையிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் ஏறுவாள். முதல் தடவை கூடைக்குள் எட்டிப் பார்த்த கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது முன்சீட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"மொசலுக்குப் பல்லு வெட்டுவாங்களா? எங்கூட்டுல மொசலு கெடைச்சா கொழம்புதான் வெப்பாங்க" என்றார் கண்டக்டர்.

"இது கொழம்பு மொசல் இல்லீங்க. எம்பொண்ணு வளத்தது" என்றாள். ஏதோ முடிந்துபோன காரியத்தைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டோமே என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

முயலுக்குப் பல் சாகிறவரைக்கும் வளரும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று உரசித் தேய்வதால்தான் அளவாக நிற்கிறது. இந்த முயலுக்குக் கீழ்த்தாடை பிறவியிலேயே கொஞ்சம் முன்னால் நீண்டுவிட்டது. பல்லும் பல்லும் சந்திப்பதே இல்லை. கீழ்ப் பல் இரண்டும் உதட்டைத் தாண்டி மூக்கைப் பார்த்து நிமிரும். மேல் பல் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி உள்பக்கம் சுருண்டு அண்ணத்தைத் தேடும். மாதம் தவறாமல் வெட்டிவிட வேண்டும்.

வீட்டில் இதெல்லாம் தெரிந்தவள் சுசித்ரா ஒருத்திதான். ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த முயல் குட்டியை வாங்கி வந்தாள். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் செம்மண் நிறம். சின்னு என்று பேர் வைத்தாள். லீவு நாளில் கூடையோடு கிளம்புவாள், சாயங்காலம் வருவாள். ஊசி போட்டு வருகிறாள் என்று முனிலட்சுமி நினைத்திருந்தாள்.

ஆனி மாதத்தில் சுசித்ரா போய்விட்டாள். கூட வேலை பார்த்த அஸ்வினை ஓசூர் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். அஸ்வினின் அப்பா பரமசிவம் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் தெற்குச் சீமையிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். வேற சாதி. அதுவும் இவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துகிற சாதி. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு காரில் நாலு பேரோடு வந்து இறங்கினார். முனிலட்சுமியின் புருஷன் ராமப்பன் அப்போதுதான் கம்பெனி உடுப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். ஒரு மோட்டார் பாகம் செய்கிற கம்பெனியில் அவனுக்குத் தோட்ட வேலை. புல் வெட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. பரமசிவம் நேராக வந்து ராமப்பன் கன்னத்தில் அறைந்தார். "பொட்டப்பிள்ளைய வேலைக்கி அனுப்புனியா, எம்மவனப் பிடிக்க அனுப்புனியாலே?" என்று கேட்டார். இரண்டாம் தடவையும் அறைந்தார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ராமப்பன் கையைத் தொங்கவிட்டபடி நின்றான். களி கிண்டிய துடுப்போடு கதவோரம் நின்ற முனிலட்சுமிக்கு, அந்தத் துடுப்பு கையில் இருந்தது அவர்கள் போன பிறகுதான் தெரிந்தது.

கார் போனதும் ராமப்பன் உள்ளே வந்து உடுப்பைக் கழற்றினான்.

"அவ இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. நீயும் அவளப் போயிப் பாக்கக் கூடாது. பாத்தன்னு தெரிஞ்சா என்ன நீ கெணத்துலதான் தேடணும்."

இருபத்திரண்டு வருஷத்தில் ராமப்பன் அவள்மேல் ஒரு நாளும் கைநீட்டியதில்லை. மிரட்டியதுகூட இல்லை. அதனால்தான் அந்தச் சொல்லை அவளால் சும்மா சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சுசித்ரா போன இரண்டாவது மாதம் முயல் தின்பதை நிறுத்தியது. ராமப்பன் கம்பெனிப் புல்தரையிலிருந்து ஒரு சாக்கில் அருகம்புல் அள்ளி வந்து போடுவான். மகள் பேரைச் சொல்லாதவன் முயலுக்குப் புல் கொண்டுவர மட்டும் மறந்ததில்லை. முயல் ஓடிவந்து புல்லை மோந்து பார்க்கும். வாயில் எடுக்கும், கீழே விழும். மறுபடி எடுக்கும், மறுபடி விழும். மோவாயெல்லாம் எச்சில் ஒழுகி மயிர் நனைந்து கிடந்தது. ராமப்பன் அதை மடியில் மல்லாத்தி உதட்டைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னா கருமம் இது. யானத் தந்தம் மாதிரி கீது." பக்கத்து வீட்டில் போய்க் கட்டிங் பிளேயர் வாங்கி வந்தான். "நீ காதப் புடி. ஒரே வெட்டு."

"இரு மாமா. நாளைக்கி யாரையாவது கேட்டுட்டு வெட்டலாம்" என்றாள்.

மறுநாள் ரோஜாப் பண்ணையில், கூட வேலை செய்கிற நாகம்மாளின் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டாள். அதுதான் முதல் தடவை.

"மொசலு தின்ன மாட்டேங்குது. உங்கப்பன் பல்ல வெட்டறேன்னு நிக்கிறாரு" என்று முனிலட்சுமிதான் தொடங்கினாள்.

"அய்யோ, பிளேயர்ல வெட்டிடாதீங்கம்மா. பல்லு வேர் வரைக்கும் வெடிச்சிடும். உள்ள சீழ் புடிச்சிச் செத்தே போயிடும். ஓசூருக்கு எடுத்துட்டு வாம்மா. பாகலூர் ரோட்டுல ஆஸ்பத்திரி இருக்குது. நானும் வந்துடறேன்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. ராமப்பனிடம் முயலுக்குப் பல் வெட்டப் போகிறேன் என்று மட்டும் சொல்வாள். பண்ணைக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. சுசித்ரா அந்த நாளுக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்வாள். நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கிற அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் மோகன்குமார் என்கிற டாக்டர் முயலைத் துண்டில் சுற்றிப் பிடிக்கச் சொல்லி, விர்ரென்று சுற்றும் சின்னச் சக்கரத்தால் பல்லை அறுப்பார். எலும்பு கருகுகிற மாதிரி ஒரு வாடை வரும். ஐந்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் வெளிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

முனிலட்சுமி தூக்குப்போசியில் ராகிக்களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவருவாள். சுசித்ரா களியைக் கிள்ளிக் குழம்பில் புரட்டி விழுங்குவதைப் பார்த்தால் நாலு நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி இருக்கும்.

"அவுங்கூட்டுல களி தின்ன மாட்டாங்களா?"

"அவரு களின்னாலே பயப்படறாரும்மா. தொண்டையில மாட்டிக்குமாம். மெல்லாம முழுங்கணும்னு சொன்னா சிரிக்கிறாரு."

"நல்லா வெச்சிருக்கானா?"

"வெச்சிருக்காரு. அவங்கப்பா இன்னும் பேசறதில்ல. அதுவே நல்லதுதான்." பிறகு குழம்பை வழித்துக்கொண்டே கேட்பாள். "அப்பா நல்லா கீறாரா?"

"கீறாரு. மொசலுக்குப் புல்லு கொண்டாறாரு."

"என்னப் பத்திக் கேக்கறாரா?"

முனிலட்சுமி தூக்குப்போசியை மூடுவாள். "பஸ்ஸுக்கு நேரமாவுது."

மூன்றாவது தடவை போனபோது டாக்டர் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்.

"அம்மா, இதோட தாடை இப்படித்தான் இருக்கும், சரியாகாது. ஒவ்வொரு மாசமும் இத பயமுறுத்திப் பிடிச்சு அறுக்கறோம். நடுவுல கடைசி பத்து நாள் அதால ஒழுங்கா தின்ன முடியறதில்ல. பாருங்க, உதட்டுல புண்ணு. முன்பல் ஆறையும் எடுத்துடலாம். மயக்கம் குடுத்து ஒரே தடவை. அப்புறம் வாழ்நாள் பூரா தொந்தரவு கிடையாது."

"பல்லில்லாம எப்பிடிங்க தின்னும்?"

"கடைவாய்ப் பல் நல்லா இருக்கு. புல்லைப் பொடியா நறுக்கிப் போட்டா அள்ளி மென்னுடும். இந்த மாதிரி நிறையச் செஞ்சிருக்கோம்."

"எடுத்துடலாம்மா, பாவம்" என்றாள் சுசித்ரா.

"மயக்கத்துல ஏதாச்சும் ஆயிட்டா? அடுத்த தடவ பாக்கலாம் சார்" என்றாள் முனிலட்சுமி.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாழ்நாள் பூரா தொந்தரவு கிடையாது என்றால் அடுத்த மாதம் பஸ் ஏற என்ன காரணம் சொல்வது? அந்தக் கேள்வி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. சுசித்ரா முயலின் காதைத் தடவிக்கொண்டு தலையைக் குனிந்தாள். அன்றைக்குப் படியில் உட்கார்ந்துதான் வயிற்றில் பிள்ளை இருப்பதைச் சொன்னாள்.

அடுத்த மாதமும் டாக்டர் கேட்டார். அதற்கடுத்த மாதமும் கேட்டார். முனிலட்சுமி ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தாள். பனி அதிகமாக இருக்கிறது, வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும், முயலுக்கு இப்போது வயிறு சரியில்லை. முயல் மாதத்தில் இருபது நாள் தின்றது, பத்து நாள் எச்சில் ஒழுக மூலையில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பத்து நாளும் அவள் புல்லை விரலால் கசக்கி அதன் வாயோரம் திணிப்பாள். திணிக்கும்போது அதன் கண்ணைப் பார்க்க மாட்டாள்.

தை பிறந்ததும் பண்ணையில் மூச்சுவிட நேரமில்லாமல் போனது. பிப்ரவரி பதினாலுக்கு எங்கெங்கோ ரோஜா போக வேண்டும். பிளாஸ்டிக் கூரைக்கடியில் விடிந்ததும் நுழைந்தால், மொட்டுக்கு வலைத்தொப்பி மாட்டுவது, பூ வெட்டுவது, முள்ளுருவுவது, காம்பு நீளம் பார்த்து இருபது இருபதாக அட்டையில் சுருட்டுவது என்று இருட்டுகிறவரைக்கும் வேலை. வெளியே பனி கொட்டும், உள்ளே வேர்த்து ஊற்றும். சூப்பர்வைசர் கோவிந்தன் செவ்வாய் லீவை நிறுத்திவிட்டார்.

"அண்ணா, ஒரே ஒரு செவ்வா. மொசலுக்குப் பல்லு வெட்டணும்."

"எக்கா, ஆளுக்கு ஒடம்பு சரியில்லன்னாலே லீவு இல்லன்னு மொதலாளி சொல்லிட்டாரு. மொசலுக்கு லீவுன்னு நான் எப்பிடிக் கேக்கறது?"

நாலு வாரம் ஐந்தானது, ஆறானது. ஆறாவது வாரம் முயல் தண்ணீரும் குடிக்கவில்லை. மேல் பல் ஒன்று அண்ணத்தில் இறங்கியிருந்தது. காலையில் வேலைக்குப் போகும்போது பார்த்தாள். துண்டில் இரத்தக்கறை இருந்தது. எப்படியாவது நாளைக்கு லீவு போட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டே பண்ணை வேனில் ஏறினாள்.

சாயங்காலம் வந்தபோது கூண்டு காலியாக இருந்தது. முயல் செத்துப்போய், ராமப்பன் புதைத்துவிட்டான் என்று நினைத்தாள். கொல்லைப்பக்கம் போய் மண் கிளறியிருக்கிறதா என்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ராமப்பன் கூடையோடு வந்து சேர்ந்தான். கூடையைத் திண்ணையில் வைத்துத் துண்டை விலக்கினான். முயல் தளர்ந்து படுத்திருந்தது. மூச்சு ஓடியது. வாயோரம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"புடுங்கியாச்சி. ஆறும்" என்றான். "மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா மாவுக் கரைசல ஊசிக்குழாயில ஊட்டணுமாம். மருந்து இந்தப் பையில கீது."

"நீ எப்பிடி... அந்த ஆஸ்பத்திரி உனக்கு எப்பிடித் தெரியும்?"

ராமப்பன் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவசரப்படாமல் பேசினான்.

"ரெண்டாந் தடவையே தெரியும். எங்க கம்பெனி வண்டி அந்த ரோட்டுல தான போவுது. ரெண்டு பேரும் படியில உக்காந்து தின்னுகிட்டு இருந்தீங்க."

முனிலட்சுமி கூடையோரம் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சும் ஏன் மாமா கேக்கல?"

"என்னான்னு கேக்கறது? கேட்டா மொசலுக்குப் பல்லுன்னு சொல்லுவ. அது நெசந்தான. கெணத்துல வுழுவேன்னு நான் சொன்னதுக்கு நீ பயந்துகிட்டு கீறன்னு எனக்குத் தெரியும். சொன்ன வார்த்தைய வாபஸ் வாங்கவும் வாய் வரல. சரி, மொசலு பேரச் சொல்லிப் போயிட்டு வரட்டும்னு வுட்டுட்டேன்."

அவள் அழத் தொடங்கினாள். அவன் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"இரு. அழுவாத. இன்னிக்கி அந்த டாக்டர் என்னா சொன்னாருன்னு கேளு. நாலு மாசத்துக்கு முன்னாடியே புடுங்கிடலாம்னு சொன்னாராமே. அந்தம்மா ஒவ்வொரு மாசமும் அடுத்த தடவ, அடுத்த தடவன்னு தள்ளிட்டாங்க, இப்ப அண்ணத்துல ஓட்ட வுழுந்துருக்குதுன்னு சொல்றாரு. நான் தலையக் குனிஞ்சிகிட்டு நின்னேன். இன்னொருத்தன் வாசல்ல நின்னு என்ன அடிச்சப்பகூட எனக்கு அம்மாம் வெக்கமா இல்ல லட்சுமி."

"மாமா..."

"உனக்குப் புள்ளையப் பாக்கணும்னா நீ என்னத் திட்டியிருக்கலாம். சண்ட போட்டிருக்கலாம். வாயில்லாத ஜீவன் வாயில ரத்தம் வருது, அத வெச்சி நீ பஸ் ஏறிகிட்டு இருந்த." துண்டை மறுபடியும் இழுத்து முயலுக்குப் போர்த்தினான். "இனி ஓசூருக்குப் போவ வேலையில்ல. முடிஞ்சிபோச்சி."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கோபப்பட்டால் எதன்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அடுப்பை மூட்டி மாவுக் கரைசல் காய்ச்சினாள்.

முயல் பிழைத்துக்கொண்டது. ஒரு வாரத்தில் எழுந்து கூண்டைச் சுற்றியது. ராமப்பன் புல்லை அரிவாள்மணையில் விரல்நகம் அளவுக்கு நறுக்கிப் போட, கடைவாயால் சரசரவென்று மென்றது. மோவாய் காய்ந்து வெள்ளையானது. இத்தனை நாள் அது எவ்வளவு வலியில் உட்கார்ந்திருந்தது என்பது, வலியில்லாமல் அது ஓடுவதைப் பார்த்த பிறகுதான் முனிலட்சுமிக்கு முழுசாகப் புரிந்தது.

ரோஜா சீசன் முடிந்த மறுநாள் நாகம்மாளின் போனில் மகள் கூப்பிட்டாள். முனிலட்சுமி நடந்ததைச் சொன்னாள்.

"அப்பாவா எடுத்துட்டுப் போனாரு?" என்று சுசித்ரா இரண்டு தடவை கேட்டாள். "நல்லதும்மா. இனி அதுக்கு வலிக்காது."

"ம்."

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அஸ்வின் அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காங்க. ஏழாம் மாசம்ல. வளைகாப்பு பண்றோம், பிரசவத்தையும் தெக்க அவங்க ஊர்லயே பாத்துக்கலாம்னு கூப்பிடறாங்க. ஆனா எம்பக்கத்து ஆளுங்க யாரும் வரக் கூடாதாம். யாராச்சும் கேட்டா எனக்குச் சொந்தக்காரங்களே இல்லன்னு சொல்லிடுவாங்களாம்."

"அந்த வீட்டுக்கா போவ? உங்கப்பன அடிச்ச வீட்டுக்கா?"

"நான் இன்னும் ஒத்துக்கலம்மா. உன்னக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருக்கேன். நீ வந்து கூட இருந்தேன்னா நான் ஏன் போறேன்? ஓசூர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயே பெத்துக்குவேன்."

"இப்ப எப்பிடிக் கண்ணு வர்றது? மொசலுக்குத்தான் பல்லில்லியே."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது.

"ஏம்மா" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. "எனக்குன்னு வரமாட்டியா?"

பூக்கட்டும் கொட்டகையில் யாரோ முனிலட்சுமியைக் கூப்பிட்டார்கள். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். வர்றேன் என்கிற சொல் தொண்டைவரைக்கும் வந்தது. கிணறும், தெருவும், இத்தனை நாள் பார்த்துவிட்டுப் பேசாமலிருந்த ராமப்பனின் முகமும் கூடவே வந்தன. மகள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சரிம்மா, வேல பாரு" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய் அவள் போகவில்லை. துணி துவைத்தாள், வீடு மெழுகினாள். அதற்கடுத்த செவ்வாயும் போகவில்லை. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், அதற்குப் போனாள். மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலையில் ராமப்பன் புல் நறுக்கிக்கொண்டிருந்தபோது தலை வாரி, புடவை மாற்றி, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"எம்பொண்ணப் பாக்கப் போறேன்" என்றாள். "நீ கெணத்துல வுழுவறதுன்னா வுழுவு."

ராமப்பன் நறுக்குவதை நிறுத்தினான். அவளை ஏறிட்டுப் பார்த்தான். மறுபடியும் அடுத்த பிடியை எடுத்து நறுக்க ஆரம்பித்தான். இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவா எட்டு மாதம் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரிப் படியில் யாரும் இல்லை. உள்ளே ரஞ்சிதா இருந்தாள். மேசையில் பேர் எழுதிக்கொள்கிற பெண்.

"வாங்கம்மா. முயல் எப்படி இருக்கு?"

"நல்லாத் தின்னுது. ஒடம்பு போட்டுடுச்சி. கண்ணு, எம்பொண்ணு வந்தாளா?"

"போன செவ்வாய் வந்தாங்களே. அதுக்கு முந்தின செவ்வாயும் வந்தாங்க. படியிலயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. வயித்துப் பிள்ளையோட வெயில்ல உக்காராதீங்க, உள்ள வாங்கன்னேன். அம்மா வந்தா தெரியணும்னு சொல்லிட்டாங்க."

முனிலட்சுமி தூக்குப்போசியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "ஒரு போன் போட்டுத் தர்றியாம்மா?"

ரஞ்சிதா போட்டாள். கேட்டுவிட்டுத் தலையசைத்தாள். "சுவிட்ச் ஆஃப்னு வருது. ஊருக்குப் போறேன்னு சொன்னாங்க, என்னைக்குன்னு தெரியல. நீங்க வீட்டுல போய்ப் பாத்துருங்களேன். இங்க பக்கத்துலதான்னு சொன்ன ஞாபகம்."

ஒவ்வொரு தடவையும் சுசித்ரா கூப்பிடுவாள். பக்கத்துலதாம்மா, வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ என்பாள். பஸ் போய்விடும் என்று இவள் சொல்லிவிடுவாள். பஸ் காரணமில்லை. என்றைக்காவது ராமப்பன் கேட்டால், அவள் வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று சாமி மேல் சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சத்தியம் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகவே அவள் எந்தத் தெரு என்றுகூடக் கேட்டு வைக்கவில்லை.

"எந்தத் தெருன்னு ஏதாச்சும் சொன்னாளா கண்ணு?"

ரஞ்சிதா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க பொண்ணு வீடு உங்களுக்குத் தெரியாதாம்மா?"

ஒரு பெரிய நாயை இழுத்துக்கொண்டு யாரோ உள்ளே வந்தார்கள். ரஞ்சிதா அந்தப் பக்கம் திரும்பினாள். முனிலட்சுமி வெளியே வந்தாள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ரோட்டைத் தாண்டி முதலில் வந்த சந்தில் நுழைந்தாள். வரிசையாக மாடி வீடுகள், மாடிக்கு மாடி வாடகைக்காரர்கள். யாரைக் கேட்பது, என்ன பேர் சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. அஸ்வின் வீடு என்று இரண்டு இடத்தில் கேட்டாள். எந்த அஸ்வின் என்று கேட்டார்கள்.

பிறகு கேட்பதை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். மாடிக் கம்பிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சுடிதார், நைட்டி, கம்பெனிச் சட்டைகள். மகளுடையது ஏதாவது கண்ணில் பட்டால் அடையாளம் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். உச்சி வெயில் வரைக்கும் நாலு தெரு சுற்றினாள். ஒரு துணியும் அவளுக்குத் தெரிந்த துணியாக இல்லை.